மலைப்பாதை லாரிகளும் முகப்பு விளக்கும்

சென்ற பனிக்காலத்தில், பழனிமலைத் தொடரின் மேல்மலைக் கிராமமொன்றிலுள்ள சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். லாரிப் பராமரிப்புச் செலவுச் சீட்டுக்களிடையே ஒன்று என் கவனத்தை இழுத்தது. "ஹெட்லைட் பல்பு 100/90 வாட் 2, எல்.இ.டி. பட்டை விளக்கு 1, வயரிங் கூலி உட்பட ரூ. 4,600" என்று அதில் எழுதியிருந்தது. நிர்வாகக் குழுவின் தீர்மானம் இருந்தது, தலைவரின் கையொப்பம் இருந்தது, கூட்டலிலும் பிழையில்லை. ஆயினும் அந்த லாரி உற்பத்தியானபோது அதில் பொருத்தப்பட்டிருந்த பல்பு 60/55 வாட் என்பதை நான் அறிவேனாதலால், இம்மாற்றம் சட்டப்படி செல்லுமா என்று செயலாளரைக் கேட்டேன். அவர் விடை கூறுமுன்பே, வாசற்படியில் நின்றிருந்த ஓட்டுநர் முந்திக்கொண்டார். "சார், நீங்கள் பகலில் வருகிறீர்கள்; பகலில் திரும்புகிறீர்கள். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு என்னோடு லாரியில் வாருங்கள். பிறகு சட்டத்தைப் பேசலாம்" என்றார்.

அவர் கூறியதில் நியாயம் இருந்தது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கவுஞ்சி முதலிய மேல்மலை ஊர்களில் விளையும் காரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விடியுமுன் சந்தையை அடைந்தால்தான் விலை. ஆகவே லாரிகள் இரவில்தான் இறங்குகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் மேகமே பாதையின்மீது வந்து படுத்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் காட்டுமாடு. கருத்த உடலும் வெளுத்த கால்களும் உடைய அப்பிராணி பாதையில் நிற்கும்போது, விளக்கொளியில் முதலில் தென்படுவது நான்கு வெள்ளைக் கால்கள் மட்டுமே. மேலே ஒரு டன் எடை நிற்கிறது என்பது அருகில் போன பின்னரே விளங்கும். இப்பாதையில் இருபது ஆண்டு வண்டி ஓட்டிய ஒருவர் "இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும்" என்று கேட்பதைக் குற்றமென்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அழைப்பை ஏற்று, அடுத்த வாரமே அவருடன் லாரியில் ஏறினேன்.

மதுரைச் சந்தைக்குச் செல்லும் காரட் இரண்டரை டன். கொடைக்கானலைக் கடந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வரையில் வானம் தெளிவாக இருந்தது; புதிய விளக்குகள் பாதையைப் பகல்போல் காட்டின. ஓட்டுநர் என்னை ஒருமுறை பெருமிதத்துடன் திரும்பிப் பார்த்தார். பெருமாள்மலையைத் தாண்டியதும் பனிமூட்டம் தொடங்கிற்று. தொடங்கியவுடனே, எங்கள் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்துவிட்டது. பட்டை விளக்கின் வெளிச்சம் முழுவதும் மூட்டத்தில் பட்டு எங்கள் கண்ணுக்கே திரும்பியது. ஓட்டுநர் அதை அணைத்தார். சற்றுப் பாதை தெரிந்தது. ஊத்துவுக்குக் கீழே மூட்டம் விலகியபோது மறுபடியும் ஏற்றினார். அடுத்த வளைவில் எதிரே ஒரு வேன் ஏறி வந்தது. நம் ஓட்டுநர் முறைப்படி ‘டிம்’ செய்தார். பட்டை விளக்கையும் அணைத்தார். ஆனால் அணைப்பதற்குள் வெளிச்சம் அந்த வேனுக்குள் பாய்ந்துவிட்டது. ‘டிம்’ செய்த பின்னும் 90 வாட் வெளிச்சம், அதுவும் பின்பாரத்தால் மூக்கு நிமிர்ந்த லாரியிலிருந்து. வேன் தடுமாறி, பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவரை ஒட்டி நின்றுவிட்டது. இறங்கிச் சென்று பார்த்தோம். சுவருக்கும் சக்கரத்துக்கும் இடையில் என் கை நுழையவில்லை. வேனுக்குள் இருந்த ஒன்பது பேரும் வடுகபட்டியில் பூண்டு விற்றுவிட்டு ஊர் திரும்பிய நம் சங்கத்து அங்கத்தினர்களே. வேன் ஓட்டுநர் கண்களைக் கசக்கிக்கொண்டு, "ஒன்றுமே தெரியவில்லை அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் கடக்கிறது. கண் கூசியவனுக்குப் பார்வை தெளியச் சில விநாடிகள் பிடிக்கும். ஐந்து விநாடி என்று கொண்டால் 55 மீட்டர் தூரம் அவன் குருடனாக ஓட்டுகிறான். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் அவ்வளவு நேர்த்தூரம் கிடைப்பதே அரிது.

இந்தப் பிரயாணத்துக்குப் பின், விளக்கைப்பற்றிச் சற்று விரிவாக விசாரித்து அறிந்தவற்றை அங்கத்தினர்களுக்குக் கூறுவது கடமை எனக் கருதுகிறேன். சின்னாளபட்டி முதலிய நெசவூர்களின் அங்கத்தினர்கள் இது மலைக்காரர்களின் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஜவுளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அந்தி வேளையில் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் போகும் சிறு வண்டிகளிலும் பெரும்பாலும் இதே பல்பு. கடைவீதியில் விற்பதும் இதே ஆசை.

முகப்பு விளக்கு என்பது பல்பு மட்டுமன்று. பல்பு, அதன் பின்னுள்ள குழிந்த ஆடி, முன்னுள்ள கண்ணாடி ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு கருவி அது. நம் வண்டிகளில் பரவலாகக் காணப்படும் ‘எச் 4’ என்னும் ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று உயர் ஒளிக்கு. மற்றொன்று தாழ் ஒளிக்கு, அதாவது ‘டிம்’முக்கு. தாழ் ஒளி இழையின் அடியில் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று இருப்பதைப் பழைய பல்பொன்றை எடுத்துப் பார்த்தால் காணலாம். அந்தக் கிண்ணம், இழையின் ஒளி ஆடியின் கீழ்ப்பாதியில் விழாமல் தடுக்கிறது. மேற்பாதியில் மட்டும் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பிப் பாதையில் விழுகிறது. எதிரே வருபவரின் கண்மட்டத்துக்கு ஏறுவதில்லை. நாம் இடப்புறம் செல்பவர்களாதலால், இடது ஓரத்தில் மட்டும் ஒளி சற்று ஏறி, ஓரத்து நடையாளையும் மைல் கல்லையும் காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கென்று செய்த விளக்குக் கூண்டை மலிவாகக் கிடைக்கிறதென வாங்கிப் பொருத்தினால், அந்த ஏறிய ஒளி நேரே எதிர்வண்டிக்காரர் கண்ணில் போய் நிற்கும்.

இழை இருக்க வேண்டிய இடம் அவ்வளவு நுட்பமானது. தறியின் அச்சுப் பல்லில் ஓர் இழை மாறிப் புகுந்தால் துணி முழுவதும் கோடு விழுவதை நெசவாளர் அறிவர். விளக்கிலும் அப்படியே. ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், பாதையில் விழும் ஒளியின் வடிவமே கலைந்துவிடும்.

இப்போது கடைகளில் ‘மாற்றிச் செருகும்’ எல்.இ.டி. பல்பு விற்கிறார்களே, அதன் குறை இங்கேதான் இருக்கிறது. அதில் மெல்லிய இழைக்குப் பதிலாக ஒரு தகட்டின் இரு பக்கங்களிலும் ஒளிச்சில்லுகள் ஒட்டப்பட்டுள்ளன. இழைக்கென்று வடிவமைத்த ஆடிக்கு முன் அது நிற்கும்போது ஒளி சிதறுகிறது. ஓட்டுநர் தம் வண்டிக்கு மிக அருகே பாதை வெளுத்துத் தெரிவதைக் கண்டு மகிழ்கிறார். தூரத்தில் விழவேண்டிய ஒளியோ குறைந்துபோகிறது. மிச்சம் மேலே ஏறி எதிரே வருபவரைத் தாக்குகிறது. கிட்டத்து வெளுப்பு கண்மணியைச் சுருக்கிவிடுவதால், தூரத்து இருட்டு முன்னிலும் இருட்டாகிறது. செனான் என்னும் வாயு விளக்கை ஹாலஜன் கூண்டில் செருகுவதும் இதே தவறுதான். உற்பத்திச் சாலையிலேயே எல்.இ.டி. விளக்காக வடிவமைத்து, சோதித்து, ஒப்புதல் பெற்று வரும் வண்டிகளைப்பற்றி நான் குறை கூறவில்லை. அவற்றில் ஆடியும் கண்ணாடியும் அதற்கென்றே செய்யப்பட்டவை. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி அளித்திருக்கிறார்கள். அங்கும், இன்ன பல்பு இன்ன வண்டி மாதிரியின் இன்ன விளக்கில் என்று சோதித்துப் பட்டியலிட்ட பிறகே அனுமதி.

வாட்டைக் கூட்டுவதன் விளைவு வேறு. 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 10 ஆம்பியர் என்று கணக்கிட்டு இட்ட வயரில் ஏறத்தாழ 17 ஆம்பியர் ஓடினால் வயர் சுடும், சுவிட்சு இளகும், பல்பு ஹோல்டர் கருகும். பியூஸ் உருகினால் நல்லது என்றே சொல்லவேண்டும். அது உருகுகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவைத்த வண்டியையும் நான் கண்டிருக்கிறேன். ஆடியின் வெள்ளிப் பூச்சும் இவ்வெப்பத்தில் மங்கிவிடும். ஆறு மாதத்தில், 100 வாட் பல்பு பழைய 60 வாட்டின் வெளிச்சத்தைக்கூடத் தராத நிலை வந்துசேரும். அப்போது ஓட்டுநர் 130 வாட்டைத் தேடுவார்.

பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கே உகந்தது என்னும் நம்பிக்கை நம் மலையில் வேரூன்றியிருக்கிறது. பிரான்சு தேசத்தில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை எல்லா மோட்டார் வண்டிகளுக்கும் மஞ்சள் முகப்பு விளக்கே சட்டமாக இருந்தது. ஆயினும் மூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியலைகளைவிட எத்தனையோ மடங்கு பெரியவை. அவை எந்த நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் சிதறடிக்கின்றன. நீலம் கலந்த வெள்ளொளி கண்ணை அதிகம் உறுத்தும் என்பது மெய். மஞ்சள் மூட்டத்தைத் துளைத்துச் செல்லும் என்பது மெய்யன்று. மூட்டத்தில் பயன் தருவது ஒளியின் நிறமன்று, ஒளி செல்லும் கோணம். பாதைக்கு அருகில், தாழ்வாக, அகலமாக விழும் ஒளி ஓட்டுநரின் பார்வைக் கோட்டுக்குக் கீழே போய்விடுவதால் அது கண்ணுக்குத் திரும்புவதில்லை. மூடுபனி விளக்கைப் பம்பருக்குக் கீழே வைப்பதன் காரணம் இதுவே. கூரையிலும் முகப்பு நெற்றியிலும் வைக்கும் பட்டை விளக்கு இதற்கு நேர்மாறானது. நாங்கள் கண்ட வெள்ளைச் சுவர் அதனால் எழுந்ததுதான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்தபடி பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உற்பத்தியாளரின் அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றமோ பொருத்தமோ செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமையாளர் என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். லாரி சங்கத்தின் பெயரில் பதிவாகியிருந்தால் உரிமையாளர் சங்கமே. ஓட்டுநர்மீது பழியைச் சுமத்தி நிர்வாகக் குழு ஒதுங்கிக்கொள்ள முடியாது.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் விளக்குக்கென்றே தனி விதிகள் உள்ளன. முன்னே வெள்ளொளி காட்டும் விளக்குகள் இரண்டு அல்லது நான்கு. அவை 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியவேண்டும். ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். எந்த அளவுக்கு என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னே, வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மனிதரும் ஓர் அளவு நாடாவும் போதும். குவியொளி விளக்குகளையும் தேடு விளக்குகளையும், பதிவு அதிகாரியின் முன்அனுமதி பெற்ற அசாதாரண சந்தர்ப்பங்களிலன்றி, முகப்பில் பொருத்தக்கூடாது. முன்புறம் சிவப்பொளி காட்டுவதும் தவறு. நம் வண்டிகளின் முகப்பில் திருவிழாக் கோலமாக எரியும் சிவப்பு நீலச் சரவிளக்குகளைப்பற்றி இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

தகுதிச் சான்று பெறும் நாளன்று மட்டும் பழைய பல்பைப் போட்டுக் காட்டிவிட்டு, மறுநாள் பெரிய பல்பை மாற்றிக்கொள்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ‘எப்.சி.க்கு ஒரு பல்பு, மலைக்கு ஒரு பல்பு’ என்று வேடிக்கையாகவும் சொல்லுகிறார்கள். விபத்து என்று ஒன்று நேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனியின் அளவையாளர் வந்து பார்க்கும்போது, வண்டியில் இருக்கப்போவது மலைப் பல்பாகவே இருக்கும்.

சரி, சட்டத்துக்கு உட்பட்டு வெளிச்சத்தைக் கூட்டவே வழியில்லையா? உண்டு. அதுவும் பெரும்பகுதி நம் கிடங்கு வாசலிலேயே, சொற்பச் செலவில் செய்யக்கூடியது. வண்டி புதிதாக வந்தபோது இருந்த வெளிச்சத்தில் எவ்வளவு தொலைந்துபோயிற்று என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தொலைந்ததை மீட்டாலே போதும்.

முதலில் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைச் சார்ந்து மிக விரைவாக ஏறி இறங்கும் இயல்புடையது. பல்புக்கு வந்து சேரும் அழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது குறையும். இருபது குறைந்தால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். மலையின் ஈரத்தில் முனைகள் பச்சை பூத்து, எர்த்துக் கம்பி துருவேறி நிற்கும் வண்டிகளில் இப்படிப்பட்ட இழப்பு மிகச் சாதாரணம். மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், எஞ்சின் ஓட, விளக்கு எரிய, பாட்டரி முனையில் ஒருமுறையும் பல்பு ஹோல்டரில் ஒருமுறையும் அளக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் இழப்புத் தெரியாது. இரண்டுக்கும் இடையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரில்தான் வெளிச்சம் தங்கிவிடுகிறது என்று அறியலாம். முனைகளை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, எர்த்தைப் புதிதாக இறுக்கி, தேவையானால் ரிலே வைத்துத் தடித்த வயரில் பாட்டரியிலிருந்து நேராகக் கொடுத்து, உரிய அளவுள்ள பியூஸும் இடவேண்டும். பெரிய பல்பு இந்த நோயைத் தீர்க்காது. அதிக மின்னோட்டத்தால் வயரில் இழப்பும் அதிகமாகி நோய் முற்றும்.

அடுத்தது கண்ணாடி. இப்போதைய வண்டிகளில் உள்ளது பெரும்பாலும் கண்ணாடியன்று, பிளாஸ்டிக்கு. வெயிலில் மஞ்சளித்து, சேற்றிலும் துணியிலும் கீறல் விழுந்து, மூக்குக் கண்ணாடியில் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். மங்கிய முகப்பு, வெளிச்சத்தைக் குறைப்பதோடு நில்லாமல் சிதறவும் செய்கிறது. நுண்ணிய நீர்த்தாளால் படிப்படியாகத் தேய்த்து மெருகிட்டால் பெரிதும் தெளியும். தேய்த்த பின் மேற்பூச்சு இடாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளிக்கும். உள்ளே ஆடி கறுத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை; அதே மாதிரிக் கூண்டாகப் புதிதாக மாற்றுவதுதான் வழி. ஆடியைத் துணியால் துடைப்பதும் கூடாது, பூச்சு உரிந்துவிடும்.

பல்பை மாற்றும்போது அதே அளவு பல்பையே வாங்க வேண்டும். 12 வோல்ட் வண்டிக்கு 60/55, 24 வோல்ட் பெரிய லாரிக்கு 75/70 என்பதே எச் 4 பல்பின் அளவு. பழைய ஹாலஜன் பல்பு எரிந்துகொண்டே மங்கும் இயல்புடையதாதலால், ஒன்று போனால் இரண்டையும் மாற்றிவிடுவது நலம். புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை சூடேறி, அந்த இடத்தில் பல்பு வெடித்துவிடக்கூடும். காகிதத்தால் பிடித்துப் பொருத்த வேண்டும். ஹோல்டரின் மூன்று காதுகளும் அதனதன் பள்ளத்தில் அமர்ந்தனவா என்று பார்த்த பிறகே கொக்கியை மாட்டலாம். அவசரத்தில் சாய்த்து மாட்டிய பல்புதான் நம் பாதையில் பாதிக் கண்கூச்சத்துக்குக் காரணம் என்று ஒரு பட்டறைக்காரர் என்னிடம் கூறினார். அவர் கூறியது சற்று மிகையாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானதும், நம் சங்கங்களில் அநேகமாக யாரும் செய்யாததும், விளக்கின் சாய்வை ஒழுங்கு செய்வதாகும். இதைச் சற்றுப் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன். சங்கக் கிடங்கின் முன் சமதரையும், எதிரே ஒரு வெள்ளைச் சுவரும் இருந்தால் போதும். வண்டியில் வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றிவிட வேண்டும். காலி வண்டியில் சரிசெய்தால், பாரம் ஏறியதும் பின்பக்கப் பட்டைச் சுருள் அமுங்கி, மூக்கு நிமிர்ந்து, ஒளியும் நிமிர்ந்துவிடும். ஒரே ஒரு பாகை நிமிர்ந்தாலும் 10 மீட்டரில் 17 சென்டிமீட்டர், 50 மீட்டரில் 87 சென்டிமீட்டர் ஒளி உயரும். எதிர்வண்டிக்காரர் கண்ணை எட்ட அது போதும். ஓட்டுநர் இருக்கையில் உள்ளபடியே விளக்கின் உயரத்தைத் திருப்பும் திருகு உள்ள வண்டிகளில், அத்திருகு பாரத்துக்கேற்றபடி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டயர்களில் காற்று சரியாயிருக்க வேண்டும். ஓட்டுநர் தம் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும்.

விளக்குகள் சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளியிருக்கும்படி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதற்குக் கீழே இரண்டாவது கோடு ஒன்று வேண்டும். விளக்கின் உயரம் ஒரு மீட்டருக்கு உட்பட்டால் 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே. ஒரு மீட்டருக்கு மேற்பட்டால் 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே. வண்டியின் கையேட்டிலோ விளக்கின் அருகிலுள்ள தகட்டிலோ உற்பத்தியாளர் சாய்வின் அளவைக் குறித்திருந்தால் அதையே கொள்ள வேண்டும், 1.5 சதவீதம் என்றிருந்தால் 10 மீட்டரில் 15 சென்டிமீட்டர் என்று பொருள். இருட்டிய பின் தாழ் ஒளியை ஏற்றி, ஒரு விளக்கை அட்டையால் மறைத்து, மற்றதைப் பாருங்கள். சாக்கைப் போர்த்தாதீர்கள்; சூட்டில் பற்றிக்கொள்ளும். சுவரில் ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு தெரியும். வலப்பக்கம் கிடையாகவும் இடப்பக்கம் மேலேறியும் இருக்கும் அவ்வெல்லையின் கிடைப்பகுதி, நீங்கள் போட்ட இரண்டாவது கோட்டில் அமர வேண்டும். எல்லை வளைந்து ஏறத் தொடங்கும் இடம், விளக்கின் நடுவுக்கு நேரே நிற்க வேண்டும். விளக்கின் பின்னுள்ள இரண்டு திருகுகளில் ஒன்று மேலுங்கீழும், மற்றொன்று பக்கவாட்டிலும் நகர்த்தும். எல்லைக்கோடே தெரியாமல் சுவர் முழுவதும் வெளுத்துக் கிடந்தால், பல்பு பொருந்தவில்லை அல்லது கூண்டு கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். பட்டைச் சுருள் மாற்றினாலும், டயர் அளவு மாற்றினாலும், முகப்பில் எங்கேனும் இடிபட்டாலும் இதை மறுபடியும் செய்ய வேண்டும்.

மூடுபனி விளக்கு வேண்டுமென்போர், அந்த மாதிரி வண்டிக்கென்று உற்பத்தியாளரே அளிக்கும் விளக்கை உரிய இடத்தில் பொருத்திக்கொள்வதே தகராறற்ற வழி. பிறருக்கு நாம் தெரியவேண்டும் என்பதும் விளக்கின் பாதி வேலை. ஒளிதிருப்பும் ஒட்டுப்பட்டை முன்னே வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னே சிவப்பு என்று சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. அகலம் 2.1 மீட்டருக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளில் மேல்முனைகளில் முன்னே இரண்டு வெள்ளை, பின்னே இரண்டு சிவப்பு விளக்குகள் விதிப்படி இருக்க வேண்டும். மூட்டத்தில் பழுதாகி நிற்கும் லாரியைப் பின்னால் வருபவருக்குக் காட்டுவது அவைதாம். அவற்றில் எத்தனை எரிகின்றன என்பதைச் சங்கச் செயலாளர்கள் இன்றிரவே எண்ணிப் பார்க்கலாம். இடம் போதாத மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அப்படி ஒதுங்கி நிற்கும்போது தாழ் ஒளியில் நிற்பதை நம் பழைய ஓட்டுநர்கள் மரியாதை என்றே கருதினார்கள்.

அந்தச் சங்கத்தில் என்ன நடந்தது என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஓட்டுநரைக் குறைகூறி நான் அறிக்கை எழுதவில்லை. வேனில் இருந்தவர்களுள் ஒருவர் நிர்வாகக் குழு அங்கத்தினராதலால், அடுத்த கூட்டத்தில் விஷயம் தானாகவே வந்தது. பழைய அளவு பல்புகள் இரண்டு, ரிலே, வயர், புதிய ஹோல்டர் ஆகியவற்றுக்குத் தீர்மானம் நிறைவேறியது. மொத்தச் செலவு 1,850 ரூபாய். முன்பு ஹோல்டரில் 11 வோல்ட்டுக்குச் சற்று மேலாக இருந்த அழுத்தம் இப்போது 13-ஐ எட்டுகிறது. சாய்வைச் சரிசெய்த இரவில் ஓட்டுநரே திருகைப் பிடித்தார். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரிப் பதிவேட்டில் ‘விளக்குச் சாய்வு பார்த்த தேதி’ என்று ஒரு பத்தி புதிதாகக் கோடிட்டிருக்கிறார்கள். காட்டுமாட்டுக்கு என்ன வழி என்று அவர் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எதிரே வண்டியில்லாதபோது உயர் ஒளியும், குறைந்த வேகமும் தவிர வேறு விடை என்னிடம் இல்லை. கழற்றிய பட்டை விளக்கு வீணாகவில்லை. கிடங்கு வாசலில், மூட்டை ஏற்றும் இடத்துக்கு மேலே, ஒரு பழைய பாட்டரியில் எரிகிறது.